கேமராவில்தான் கோளாறு

எக்ஸ்ரே அக்கா பப்பாளி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் கடைக்காரருக்கே தன் பப்பாளி மீது சந்தேகம் வந்துவிடும். பழத்தைக் காதோரம் வைத்துத் தட்டுவார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "உள்ள என்னமோ இருக்கு" என்று கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார். உள்ளே இருப்பது விதைதான் என்று அவரிடம் சொல்லும் தைரியம் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்காதான். ராதாபுரத்திலிருந்து வேலைக்கு வந்த நான், அவர் வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறையில் மூன்று வருடம் குடியிருந்தேன். முருகன்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் வேலை. வீடு கேட்டுப் போன அன்று அவர் ஊரைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னார். செருப்போடு ஒரு தடவை, செருப்பில்லாமல் இரண்டு தடவை. கீழே கட்டிலில் படுத்துக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"சத்தமே கேக்கல. நாளைக்கே சாமானத் தூக்கிட்டு வந்துரு."

அப்போது தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்றும், யானை ஏறி இறங்கியிருந்தாலும் கேட்டிருக்காது என்றும் ஒரு மாதம் கழித்து அவருடைய வீட்டுக்காரர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற தடத்தில் பல வருடம், இடையில் சில வருடம் மாஞ்சோலைக்கு ஏறுகிற மலைவண்டியிலும் போயிருக்கிறார். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போதுகூடக் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவர் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. அக்கா எதையாவது சோதித்துக்கொண்டே இருப்பார். அண்ணாச்சி சோதனைப் பொருளாக உட்கார்ந்திருப்பார். புது மிக்ஸியில் அரைத்த சட்னி முதலில் அவருக்குத்தான். புது மெத்தையில் முதல் ஒரு வாரம் அவர்தான்.

அவருடைய நடையில் ஏதோ மாற்றம் இருப்பதாக முதலில் கண்டுபிடித்ததும் அக்காதான். இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாசல்படி வந்தால் கால் சற்று நின்று, யோசித்துவிட்டுத்தான் தாண்டியது. மாதம் இரண்டு தடவை மதுரையிலிருந்து வருகிற நரம்பு டாக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் நடக்கச் சொன்னதும் அண்ணாச்சி அந்த அறைக்குள் மிடுக்காக நடந்தார். திரும்பினார், மறுபடி நடந்தார். அக்காவுக்கு அவமானமாகப் போய்விட்டது.

"டாக்டரக் கண்டா மட்டும் நல்லா நடக்காரு பாத்துக்க. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறின மாதிரி."

இப்படிச் சிலருக்கு நடப்பதுண்டு என்று டாக்டர் சொன்னாராம். வீட்டில் எப்படி நடக்கிறார், எப்படிப் பேசுகிறார் என்று ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு அடுத்த தடவை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே நான் என் போனை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

"நான் எடுக்கேன் அக்கா. அஞ்சு நிமிசம் போதும்."

அவர் என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணாச்சியை ஜன்னல் பக்கம் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். படத்தில் அண்ணாச்சிக்குப் பத்து வயது குறைந்திருந்தது. கன்னம் பளபளத்தது.

"இது என்ன பிள்ள, ஒன் ஆல்பம் மாதிரியே இருக்கு? சுருக்கத்த எல்லாம் பூசி மெழுவிருக்கு. நோயாளிய மாப்பிள்ளையாக்கிக் காட்டுனா டாக்டர் என்னத்தப் பாப்பாரு?"

அந்த வசதியை அணைத்துவிடலாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. ஸ்டூடியோ கேமராவை ஒரு நாள் இரவல் வாங்கி வரட்டுமா என்றேன். அதற்கும் தலையை ஆட்டிவிட்டார். சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேமரா வேண்டும், வீடியோ சுத்தமாக விழ வேண்டும், விலை பென்ஷன்காரருக்குத் தாங்க வேண்டும். "முப்பது வருசம் படம் எடுத்தவ நான். ஒரு நல்ல கேமரா பாத்து வாங்கத் தெரியாதா?"

அந்தத் தேர்வு எட்டு மாதம் நடந்தது.

எக்ஸ்ரே அக்காவிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று, கைக்குட்டை முனையில் முடிந்துவைத்திருந்த மெமரி கார்டு. இரண்டு, அட்டை போட்ட நோட்டு. கடைக்குள் போனதும் அவர் விலை கேட்க மாட்டார். மாதிரிக்கு வைத்திருக்கும் கேமராவையோ பழைய கேமராவையோ எடுக்கச் சொல்லி, தன் கார்டைப் போட்டுக்கொள்வார். "நடங்க" என்பார். அண்ணாச்சி கடைக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பார். அக்கா பின்னாலேயே படம் பிடித்துக்கொண்டு போவார். அடுத்தது குரல் சோதனை. அண்ணாச்சியிடம் எதையாவது பேசச் சொன்னால் அவருக்கு வருவது ஒன்றுதான்.

"பேட்ட, சுத்தமல்லி, பத்தமட, சேர்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்! எறங்குறவுக முன்னால வாங்க!"

கடையில் நிற்பவர்கள் ஒரு விநாடி பையைத் தேடுவார்கள்.

நான்தான் கூடப் போகும் நிபுணர். எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. பிடித்த படத்தில் மணமகளின் பருவை அழிக்கத் தெரியும், அவ்வளவுதான். அதை அக்கா கடைக்காரர்களிடம் சொல்ல மாட்டார். "இந்தப் பிள்ள ஸ்டூடியோவுல இருக்கு. ஏமாத்த முடியாது" என்பார். நானும் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நிற்பேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன் என்று ஒரு சுற்று, முடிவில் ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கார்டை என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்போம். அக்கா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நோட்டில் எழுதுவார். தேதி, கடை, கேமரா, கோளாறு. ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதிய கை என்பதால் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

'சத்தம் கம்மி. மைக் சரியில்லை.'

'படம் ஆடுது. கை கிட்ட ரொம்ப ஆடுது.'

'திரும்பும்போது இழுவை. பிரேம் விட்டுப்போகுது.'

'முகம் அசைய மாட்டேங்குது. போட்டோ மாதிரி நிக்குது. போகஸ் கோளாறு.'

நான் படித்துவிட்டுத் தலையாட்டுவேன். எனக்கும் அது கேமராக்களைப் பற்றிய குறிப்பாகத்தான் தெரிந்தது.

நடுவில் ஒரு தடவை கேமரா கிடைத்தேவிட்டது. டவுனில் ரதவீதிப் பக்கம் ஒரு பழைய கடை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. கடைக்காரர் நாங்கள் வருவதைக் கண்டால் உள்ளே போய்விடுகிற ரகம் அல்ல, பொறுமைசாலி. இருபத்தைந்தாயிரத்துக்குள் ஒரு சிறிய கேமராவை எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி நடந்தார். அந்தப் படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தபோது அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். நடை ஆற்றொழுக்காக இருந்தது. கால் இழுபடவில்லை, திரும்பும்போது தடுமாற்றமில்லை.

"இதான் கேமரா. பாத்தியா, எவ்வளவு சுத்தமா விழுந்திருக்குன்னு!"

மறுநாளே வாங்கிவிடலாம் என்று முடிவானது. ஆனால் அக்கா அக்காதான். அதே கேமராவை வண்ணார்பேட்டையில் ஒரு தடவை சோதித்துவிட்டு வாங்கலாம் என்றார். வண்ணார்பேட்டைக் கடை புதுசு, வழவழவென்று ஒரே வெள்ளைத் தரை. அங்கே எடுத்த படத்தில் அண்ணாச்சி கண்ணாடிக் கதவருகே வந்து அப்படியே நின்றுவிட்டார். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி அரை நிமிடம் நின்றார். அக்கா நோட்டில் எழுதினார்: 'அதே மாடல். ஆனா பீஸுக்குப் பீஸ் வித்தியாசம். நம்ப முடியாது.'

அந்தக் கேமராவும் போயிற்று.

"என்னக்கா, பேட்டரி நல்லாருக்கு, சூடாகல, இருட்டுலயும் நல்லா விழுது. இன்னும் என்ன வேணும்?" என்று ஒரு நாள் பொறுமையிழந்து கேட்டேன்.

"அவசரப்படுதியே பிள்ள. ஒரு தடவ வாங்குத பொருளு."

வெளித்திண்டில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி அக்கா உள்ளே போகும்வரை காத்திருந்தார். செருப்புக்குள் கால் நுழைய நேரமாகிக்கொண்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். தாழ்த்தினாரா, குரலே அவ்வளவுதானா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"கேமரா வாங்குனா டாக்டர்ட்ட போணும்லா. அதான் அவளுக்கு ஒண்ணும் புடிக்க மாட்டேங்கு. விடு, நடக்கது எனக்கும் நல்லதுதான."

அவருக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஞாயிறுதோறும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிபுணர் நான் ஒருத்திதான். தெரிந்த பிறகும் நான் எதுவும் செய்யவில்லை. அண்ணாச்சியே விடு என்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

எட்டாவது மாதம், ஒரு மத்தியானம், அண்ணாச்சி குளியலறை வாசலில் விழுந்தார். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. சத்தம் கேட்டு இறங்கி ஓடினேன். படிக்கு அந்தப் பக்கம் உடம்பும் இந்தப் பக்கம் கால்களுமாகக் கிடந்தார். தாடை கிழிந்து ரத்தம் வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, துண்டால் தாடையை அழுத்திப் பிடித்தபடி, கொஞ்சமும் பதறாமல் பேசினார்.

"ஒண்ணுமில்ல. எலும்பு உடையல. வாயத் திறங்க. மூடுங்க. ஒண்ணுமில்ல."

நாலு தையல் போட்டார்கள். ஆட்டோவில் திரும்பி வரும்போது அண்ணாச்சி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அக்கா திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஜங்ஷன் கடையில புதுசா ஒண்ணு வந்திருக்காம். ஆட்டம் இல்லாம விழுமாம். வார ஞாயித்துக்கிழம..."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"இனி கேமரா வேண்டாம் அக்கா. டாக்டர்ட்ட போவோம்."

"வீடியோ எடுக்காம எப்பிடிப் போவ?"

"எடுத்தாச்சு அக்கா. எட்டு மாசமா அதான எடுத்துக்கிட்டு இருக்கோம்."

 ஆட்டோ முருகன்குறிச்சி சிக்னலில் நின்று, கிளம்பி, வீட்டு வாசலுக்கு வரும்வரை அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் போனதும் கைக்குட்டையை அவிழ்த்து மெமரி கார்டை என் உள்ளங்கையில் வைத்தார். நோட்டையும் கொடுத்தார்.

அன்று உட்கார்ந்து எல்லாத் துண்டுகளையும் வரிசைப்படுத்தினேன். கடைக் கேமராக்களில் தேதி தாறுமாறாக இருந்தது, அக்காவின் நோட்டுத்தான் வழிகாட்டியது. கடைகளை வெட்டிவிட்டு, அண்ணாச்சியின் நடையை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினேன். அது என் தொழில்தான். நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று ஒட்டுகிற மாதிரி முதல் மாதம், இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம். ஓடவிட்டுப் பார்த்தேன். முதல் மாதத்தில் அம்பாசமுத்திரம் என்று அவர் கூப்பிட்டது கடைக்கு வெளியே கேட்டிருக்கும். எட்டாம் மாதத்தில் பத்தமடைக்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஓரடியின் நீளம் பாதியாகக் குறைந்திருந்தது. முகத்தில் சிரிப்பு மாதத்துக்கு மாதம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மணமக்களின் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்க்கிறவள் நான். வாரம் ஒரு தடவை இந்த முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்காவிடம் காட்டப் போனேன். "எனக்கெதுக்கு? டாக்டர் பாக்கட்டும்" என்று உளுந்து புடைக்கப் போய்விட்டார்.

டாக்டர் பார்த்தார். ஆறு நிமிடப் படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார். பிறகு அக்காவின் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"இது என்னம்மா, கேமரா நோட்டா, கேஸ் ஷீட்டா?"

அக்கா சேலை முந்தியைச் சரிசெய்தார்.

"நான் கேட்டது ஒரு நாள் வீடியோ. நீங்க எட்டு மாசத்தைக் கொண்டுவந்திருக்கீங்க. இது பார்க்கின்சன்மா. சந்தேகமே இல்லை. முழுசாக் குணமாகாது. ஆனா மாத்திரை இருக்கு, பயிற்சி இருக்கு, நல்லாவே சமாளிக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, அவர் படத்தில் ஓரிடத்தைக் காட்டினார். "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்த ஒரு கடையில மட்டும் எப்படி இவ்வளவு நல்லா நடக்கிறார்?"

டவுன் கடை.

"அது கேமரா நல்ல கேமரா" என்றார் அக்கா.

"கேமரா இல்லம்மா. தரையைப் பாருங்க."

கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. அண்ணாச்சியின் கால் ஒவ்வொரு கோடாகத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இந்த நோயில் சிலருக்கு அப்படித்தான், தாண்டுவதற்குக் கண்ணுக்கு ஒரு கோடு கிடைத்தால் கால் கேட்கும் என்று டாக்டர் விளக்கினார். வீட்டுத் தரையில், முக்கியமாக வாசல்களில், கோடு போட்டுப் பாருங்கள் என்றார். ஒரே ஆள் இத்தனை வகைத் தரைகளில் நடந்த படம் தனக்கு இதுவரை கிடைத்ததில்லை என்று சொல்லி, மாணவர்களுக்குக் காட்ட ஒரு பிரதி கேட்டார். அண்ணாச்சி மெல்லிய குரலில், "டிக்கெட் உண்டுமா சார்?" என்றார். டாக்டருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

திரும்பும் வழியில் மருந்துக்கடை வாசலில் அண்ணாச்சியை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் வரிசையில் நின்றோம். அக்கா என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஆஸ்பத்திரியில படம் எடுத்து முடிச்ச ஒடனே எல்லாவனும் கேப்பான், என்னம்மா இருக்குன்னு. நாங்க சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும். ஆனா எனக்குத் தெரியும்லா. கருப்பா இருக்க வேண்டிய எடத்துல வெள்ளையா நிக்கும். அவன் மூஞ்சியப் பாத்து என்னத்தச் சொல்ல? படம் சரியா விழல, மெஷின்ல கோளாறுன்னு சொல்லிருவேன். போய் ஒரு டீ குடிச்சிட்டு வாம்பேன். அவனுக்கு அந்தக் கால் மணி நேரமாவது கெடைக்கட்டும்னு."

வரிசை ஓரடி நகர்ந்தது.

"நான் எட்டு மாசம் டீ குடிச்சிட்டேன் பிள்ள" என்றார்.

அன்றே மஞ்சள் டேப் இரண்டு உருளை வாங்கி வந்தார். அண்ணாச்சியின் நல்ல நடையில் ஓரடி எவ்வளவு நீளம் என்று டவுன் கடைப் படத்தை நிறுத்தி நிறுத்திக் கணக்கிட்டார். தரையில் மண்டியிட்டு, அளந்து, வீடு முழுக்கக் குறுக்குக் கோடு ஒட்டினார். கூடத்திலிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து குளியலறைக்கு. மண்டியிட்டு எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர்கள் ஏதோ பெரிய வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி முழித்தார்கள். அண்ணாச்சி கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்தார். மாத்திரையும் சேர்ந்ததில் ஒன்றிரண்டு மாதத்தில் வீட்டுக்குள் தடுமாற்றம் நன்றாகக் குறைந்தது. குரல் பயிற்சிக்குத் தினமும் காலையில் உரக்கக் கத்த வேண்டும். தெருவே பேட்டை, சுத்தமல்லி, பத்தமடை என்று கேட்டுக்கொண்டு விழிக்கத் தொடங்கியது. கேமராப் பேச்சை அக்கா எடுக்கவே இல்லை. நோட்டு எங்கே போயிற்று என்றும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணாச்சியைக் காணவில்லை.

அக்கா மார்க்கெட்டிலிருந்து வந்து பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது, செருப்பு இல்லை. போன் மேசையில் கிடந்தது. நான் தெருமுனைவரை ஓடினேன். கோவில், டீக்கடை, சலூன், எங்கும் இல்லை. அக்கா வாசலிலேயே நின்றார். அவர் எதையும் சோதிக்காமல், எதையும் சொல்லாமல் நின்ற நேரம் அது ஒன்றுதான். பன்னிரண்டரை மணிக்கு டவுன் பஸ் தெருமுனையில் நின்றது. கண்டக்டர் முதலில் குதித்து, கையைக் கொடுத்து ஒருவரை இறக்கினார். அண்ணாச்சி. கக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அக்கா வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார்.

"எங்க போனீய? விழுந்து கெடந்தா யாரு தூக்குவா? சொல்லிட்டுப் போவத் தெரியாதா?"

"சொன்னா விடுவியாளா?" என்றார் அண்ணாச்சி. பெட்டியை அக்கா பக்கம் தள்ளினார். டவுன் கடையில் வாங்கிய கேமரா. அந்தச் சிறிய கேமரா அல்ல, வேறொன்று. கண்ணாடிக்குப் பின்னால் முதலில் கண்ணில் பட்டதைக் காட்டி, இதைக் கொடும் வே என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நடந்து பார்க்கவில்லை, பேசிப் பார்க்கவில்லை.

அக்கா பெட்டியை உற்றுப் பார்த்தார். "டெஸ்ட் பண்ணாமயா?"

"பண்ணாமத்தான். ஒன்னயும் அப்பிடித்தான கட்டுனேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அண்ணாச்சி கேமராவை எடுத்து, எந்தப் பொத்தான் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தார். கை நடுங்கியது. கேமரா அக்காவைப் பார்த்தது.

"போயி அடுக்களை வாசல்ல நில்லு. அங்கனருந்து நடந்து வா."

"நான் எதுக்கு நடக்க? எனக்கென்ன நோயா?"

"ஏளா, எட்டு மாசம் கடகடையா நான் நடந்தேன். நீ ஒரு தடவ நடக்கப்படாதா?"

அக்கா போய் நின்றார். அத்தனை படம் எடுத்தவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முந்தியைப் பிடித்தார், விட்டார். மஞ்சள் கோடுகளைப் பார்த்தபடி எங்களை நோக்கி நடந்து வந்தார்.

அண்ணாச்சி சின்னத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். படம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நன்றாகத் தெரிந்தது. அக்காவின் வலது கால் தரையில் முழுதாக ஊன்றவில்லை. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறியது. மூன்று வருடமாக அவர் வீட்டில் இருந்தேன், ஞாயிறுதோறும் அவரோடு நடந்தேன்.

அண்ணாச்சி கேமராவை மறுபடி கையில் வாங்கி, அக்காவின் பக்கம் திருப்பி, பொத்தானை அமுக்கினார்.

"ஏளா, ஒனக்கு முட்டி வலிக்குதா?"

அக்கா அட்டைப்பெட்டியை மடிக்கத் தொடங்கினார்.

"எப்பம்லருந்து?"

"அது கெடக்கு. ஒரு வருசமாச்சு."

"ஒரு வருசமாவா? எனக்குத் தெரியவே இல்லியே."

"எப்பிடித் தெரியும்? நான் ஒங்களுக்குப் பின்னாலல்லா வந்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு அக்கா நிமிர்ந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பதைக் கண்டார்.

"அத முதல்ல நிறுத்துங்க. பேட்டரி வீணாப் போவுது."

அண்ணாச்சி நிறுத்தவில்லை.